அறிவித்தல் படங்களுக்குப் பின்னால் எழுதியவை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் நான் வசிக்கிறேன். கப்பற் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறிய பின்னர், எங்கள் பகுதி நலன்புரிச் சங்கத்தின் இணையப்பக்கத்தைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பொதுக்கூட்டத்தில் வேறொருவரும் கை உயர்த்தாமையே அதற்குக் காரணம். கணினியை நான் எந்த வகுப்பிலும் கற்றவனல்லன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்தும், செய்து பிழைத்தும், பிழைத்ததைத் திருத்தியும் பெற்ற அறிவே என்னுடையது.

அந்தப் பக்கத்தில் சங்கத்தின் யாப்பு, அதாவது விதிமுறைக் கோவை, உண்டு. நிருவாக சபையினரின் புகைப்படங்கள் உண்டு. தலைவரின் ஆசிச்செய்தியும் உண்டு. அவற்றை எவரேனும் திறந்து பார்த்தார்களா என்பது ஐயத்துக்குரியது. எல்லாரும் தேடி வருவது மரண அறிவித்தல்களைத்தான். காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு “இண்டைக்கு ஆர்?” என்று கேட்பது எங்கள் சனத்தின் வழக்கம். முன்னர் பத்திரிகையை விரித்தார்கள். இப்போது கைத்தொலைபேசியைத் தடவுகிறார்கள். அதில் துக்கத்தைவிடக் கடமை உணர்வே மிகுதி. தெரிந்தவர் ஒருவர் காலமாகி, நாம் போகாமல் விட்டுவிட்டால், அதை அந்தக் குடும்பம் எளிதில் மறப்பதில்லை.

அறிவித்தல்கள் என்னிடம் படங்களாகவே வந்து சேரும். கொட்டாஞ்சேனையிலுள்ள ஓர் அச்சகத்தில் குடும்பத்தார் அவற்றைச் செய்விப்பர். நடுவில் காலமானவரின் புகைப்படம், இருபுறமும் எரியும் குத்துவிளக்கு, சுற்றிலும் கரை, அலங்கார எழுத்தில் பெயர், அதன் கீழ் உறவுமுறைகள். அந்தப் படத்தின் சிறிய வடிவத்தை முகப்பில் வைப்பேன். அதைத் தொட்டால் முழு அறிவித்தலும் திறக்கும். அதாவது, வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டிய இணைப்பு எங்கள் பக்கத்தில் படமாக இருந்தது. இதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் நாங்கள் அனுப்பும் தமிழ் எழுத்துகள் மற்றவருடைய கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. அந்த அனுபவத்தால், தமிழைப் படமாக்கி அனுப்புவதே பாதுகாப்பு என்னும் பழக்கம் எங்கள் தலைமுறையில் ஊறிப்போயிருந்தது.

ஒரு முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பேசுவதாக ஒரு பெண்மணி கூறினார். ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய இடைவெளியுடன் தெளிவாக வந்தது.

“மரண அறிவித்தல் போடுறது நீங்களோ ஐயா?”

“ஓம் அம்மா. ஏதும் போடோணுமோ?”

“ஐயோ, இல்லை. இப்போதைக்கு ஒண்டுமில்லை. உங்கட பக்கத்தை என்னால வாசிக்கேலாமல் கிடக்கு. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்.”

எழுத்துச் சிறிதாக இருக்கக்கூடும் என எண்ணி, பெரிதாக்கும் வழியை விளக்கத் தொடங்கினேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டிருந்தார்.

“ஐயா, எனக்குப் பிறந்ததில இருந்தே கண் தெரியாது. திரையில இருக்கிறதை என்ர போன் வாசிச்சுச் சொல்லும். நான் கேட்டுக்கொள்ளுவன். பேப்பர் வாசிக்கும், கரண்ட் பில் வாசிக்கும், கனடாவில இருந்து மச்சாள் அனுப்புற வம்பு முழுக்க வாசிக்கும். உங்கட பக்கத்துக்கு வந்தாத்தான் அதுக்குப் பைத்தியம் பிடிக்குது. நில்லுங்கோ, கேட்டுப் பாருங்கோ.”

தம் கைத்தொலைபேசியை வீட்டுத் தொலைபேசியின் வாயருகே பிடித்தார் போலும். இயந்திரக் குரல் ஒன்று “இணைப்பு, படம்” என்று தொடங்கி, நீண்டதோர் இலக்கத்தை வாசித்தது. பின்னர் மீண்டும் “இணைப்பு, படம்” என்று சொல்லி வேறோர் இலக்கத்தை வாசித்தது. அவை அச்சகத்திலிருந்து வந்த படக்கோப்புகளின் இலக்கங்கள்.

“விளங்கினதே? இந்தக் கிழமை செத்த ஆக்கள் எல்லாருக்கும் நம்பர் குடுத்து வைச்சிருக்கிறியள்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். திருத்துவதாகவும் வாக்களித்தேன். “ஆறுதலாச் செய்யுங்கோ” என்று மரியாதைக்குச் சொன்னவர், உடனே, “இல்லை ஐயா, ஆறுதலா எண்டு சொன்னது பிழை. கொஞ்சம் கெதியாச் செய்தா நல்லது” என்று மாற்றிச் சொன்னார். அவசரத்தின் காரணத்தையும் அவரே கூறினார்.

அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் தொலைபேசி ஒப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நாற்காலியில் அந்தக் காலம் முழுவதும் இன்னொரு பெண்மணி இருந்தார். அவருக்குக் கண்பார்வை உண்டு. இருவரும் ஒன்றாகவே வேலை செய்து, ஒன்றாகவே சாப்பிட்டு, ஒன்றாகவே பஸ்ஸுக்கு நின்றவர்கள். அந்தச் சிநேகிதி இப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பெண் ஒருவர் கவனித்துக்கொள்கிறார்.

“ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் எடுப்பன். கவனிக்கிற பிள்ளை ரிசீவரை அவவின்ர காதில பிடிக்கும். அவவுக்குக் கதைக்கிறது கஷ்டம், நான்தான் கதைப்பன். இப்ப அவ ஒரு திங்கள், செவ்வாய் போனா எண்டு வையுங்கோ. அடுத்த நாளே எடுத்துப்போடுவினம். நான் ஞாயிறு எடுக்க, ஆரோ ஒருத்தர் ‘அது எப்பவோ முடிஞ்சுது’ எண்டு சொல்லுவினம்.”

“அவவின்ர பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாதோ?”

“அம்மாவோட ஒரு அன்ரி வேலை செய்தவ எண்டு தெரியும். அவ்வளவுதான். கவனிக்கிற பிள்ளையிட்டச் சொல்லி வைச்சனான், எனக்கு ஒரு போன் எடுக்கச்சொல்லி. அந்தப் பிள்ளை அடுத்த மாதமே வேலையை விட்டிட்டுப் போயிட்டுது. இப்ப வேறை பிள்ளை.”

“சிநேகிதியையே பிள்ளைகளிட்டச் சொல்லி வைக்கச் சொல்லலாமே?”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. “நீ செத்தா எனக்குச் சொல்லச்சொல்லு எண்டு அவவிட்ட எப்பிடி ஐயா கேக்கிறது? நீங்கள் கேப்பியளோ?”

கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பின்னர் எனக்கு எளியதோர் வழி தோன்றியது. சிநேகிதியின் பெயரைச் சொன்னால், அறிவித்தல் வந்தவுடன் நானே தொலைபேசியில் அறிவிப்பதாகக் கூறினேன். அவர் அதை ஏற்கவில்லை.

“உயிரோட இருக்கிற ஆளின்ர பேரை மரண அறிவித்தல் போடுறவரிட்டக் குடுக்கிறதே? கோபிக்காதேங்கோ ஐயா. நீங்கள் நல்லாத்தான் சொல்லுறியள். ஆனா என்ர வாயால அது வராது. நீங்கள் மற்ற ஆக்களுக்குப் போடுற மாதிரி எனக்கும் விளங்கப் போடுங்கோ, போதும்.”

அன்றே வேலையைத் தொடங்கினேன். முதலிற் செய்தது மிக எளிது. ஒவ்வொரு படத்தின் கீழும் சிறிய எழுத்தில் பெயரைப் போட்டேன். மறுநாளே ஒரு குடும்பத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் காலமானவரின் மூத்த மகன்.

“அச்சகத்தில சொல்லி எவ்வளவு வடிவாச் செய்விச்ச நோட்டீஸ். நீங்கள் அதுக்குக் கீழை விலைச்சீட்டு ஒட்டின மாதிரிப் பேரைப் போட்டிருக்கிறியள். எடுத்துவிடுங்கோ.”

அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. படத்தில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைக் கீழே மீண்டும் போடுவது, பார்ப்பவருக்கு மிகையாகவே தோன்றும். ஆகவே எழுத்தை நீக்காமல், திரையில் தெரியாதபடி மறைக்கும் கட்டளையை இட்டேன். படம் பார்ப்பவருக்குப் படம், கேட்பவருக்கு எழுத்து என்று மனநிறைவும் கொண்டேன். கொட்டாஞ்சேனை அம்மையாரை அழைத்து, கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மீண்டும் அதே இலக்கங்கள்தான் வந்தன. முற்றாக மறைக்கும் கட்டளைக்கு வாசிக்கும் மென்பொருளும் கட்டுப்படும் என்பதைப் பின்னரே கற்றுக்கொண்டேன். கண்ணிலிருந்து மறைத்த எழுத்து காதிலிருந்தும் மறைந்துவிட்டது.

பாடங்களை மீண்டும் தேடியபோதுதான், ஒவ்வொரு படத்துடனும் அதற்கு ஈடான எழுத்தை இணைப்பதற்குத் தனியிடம் உண்டு என்பது தெரியவந்தது. மாற்றுரை என்று அதைச் சொல்கிறார்கள். அது வெளியே தெரியாது. ஆனால் வாசிக்கும் மென்பொருள் இலக்கத்தை விட்டுவிட்டு அதையே வாசிக்கும். அன்று பிற்பகல் முழுவதும் அமர்ந்து எல்லாப் படங்களுக்கும் மாற்றுரை எழுதினேன். எழுதி முடித்து அவரை அழைத்தேன். இம்முறையும் தம் கைத்தொலைபேசியை வீட்டுத் தொலைபேசியின் வாயருகே பிடித்தார். இயந்திரம் ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளிகளையும் தாறுமாறாக ஒப்பித்தது.

“இது என்ன பாசை ஐயா?”

நெடுநேரம் யோசித்த பின்னரே காரணம் புரிந்தது. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவன். அந்த எழுத்துருவில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட உடுப்புப் போன்றது. கண்ணுக்குத்தான் தமிழ்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. படத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் எழுத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபிழை காணவும் வழியில்லை. எல்லாவற்றையும், உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோட்டில் மீண்டும் எழுதினேன். இம்முறை முதலில் நானே கேட்டுப் பார்ப்பதென்று முடிவுசெய்து, என் கைத்தொலைபேசியிலும் வாசிக்கும் வசதியை இயக்கினேன். அதை இயக்கிய பின்னர் நிறுத்துவதற்கு நான் பட்ட பாடு தனிக்கதை. தொட்டதெல்லாம் பேசியது. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, “ஆரது உள்ளுக்கை?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தமிழ் ஒழுங்காகக் கேட்டது. பெருமிதத்துடன் அம்மையாரை அழைத்தேன். அவர் பக்கத்தைத் திறந்து கேட்டார். அடக்கிய சிரிப்பு மெல்ல வெளிப்பட்டது.

“ஐயா, என்ன சொல்லுது தெரியுமோ? ‘இணைப்பு, படம், மலர்மாலை சூட்டப்பெற்று, மூக்குக்கண்ணாடி அணிந்து, புன்முறுவல் பூத்த வண்ணம், இருமருங்கும் குத்துவிளக்குகள் ஒளிர வீற்றிருக்கும் பெரியவர்.’ அடுத்தவரும் அப்பிடித்தான். அதுக்கடுத்தவருக்குக் கண்ணாடி இல்லை.”

“படத்திலை உள்ளதைத்தானே அம்மா எழுதினனான்.”

“வடிவா எழுதியிருக்கிறியள், அதிலை குறை சொல்லேல்லை. ஆனா செத்தது ஆர் ஐயா? எனக்குக் கண்ணாடியும் விளக்கும் என்னத்துக்கு? இதை அமத்தினா ஆரின்ர வீட்டு அறிவித்தல் திறக்கும் எண்டு சொன்னாப் போதும்.”

நான் கற்ற பாடங்களில் ஒன்றேனும் இதனை இவ்வளவு தெளிவாக எனக்குப் புரியவைத்திருக்கவில்லை. இணைப்பாக வைக்கப்படும் படம் ஒரு கதவைப் போன்றது. கதவின் நிறத்தை வருணிப்பதால் பயனில்லை. உள்ளே இருப்பது யார் வீடு என்பதையே சொல்ல வேண்டும். வருணனைகளை அழித்துவிட்டு, காலமானவரின் பெயரையும் ஊரையும் மாத்திரம் எழுதினேன். இனி ஒரு குறையும் இராது என்று நம்பினேன்.

சில வாரங்கள் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. பின்னர் ஒரு நாள் அழைத்தபோது குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

“கொட்டாஞ்சேனையில எங்கட ஃபார்மசி ஐயா போயிட்டார். என்ர பிறஷர் குளிசை எல்லாம் அவரிட்டத்தான் எடுத்தனான். செத்தவீடு முடிஞ்சு போச்சு. இப்பத்தான் கேள்விப்பட்டனான்.”

அந்த அறிவித்தலை நான் போட்டிருந்தேனே என்று நினைவுபடுத்தினேன்.

“போட்டிருக்கிறியள். நானும் கேட்டனான், தாண்டிப் போயிட்டன். அவருக்கு அப்பிடி ஒரு நீளப் பேர் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? நாங்கள் எல்லாரும் ஃபார்மசி ஐயா எண்டுதான் சொல்லுவம். கண் தெரிஞ்ச சனம் படத்தைப் பார்த்தவுடனே, ‘அட, இது எங்கட ஃபார்மசி ஐயாவெல்லோ’ எண்டு பிடிச்சுக்கொள்ளும். அந்த வேலையை நீங்கள் எழுதிற பேர் செய்யேல்லை.”

இதற்கு மேல் அவர் சொன்னதுதான் என்னை அசைத்தது.

“என்ர சிநேகிதியின்ர கதையும் அதுதான் ஐயா. ஒஃபிஸில எல்லாருக்கும் ஒரு கட்டைப் பேர். அவவின்ர முழுப் பேரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை. பக்கத்துக் கதிரையில இருக்கிற ஆளிட்ட ஆர் முழுப் பேர் கேக்கிறது? நீங்கள் அவவுக்குப் போட்டாலும் நான் தாண்டிப் போயிடுவன்.”

பிரச்சினை இப்போது கணினியை விட்டுவிட்டு எங்கள் வழக்கத்துக்குள் புகுந்தது. அறிவித்தலில் முழுப்பெயரை எழுதுவதே நமக்கு மரியாதை. கணவன் பெயர், தந்தை பெயர், பட்டம் எல்லாம் சேர்ந்து அது நீளும். அன்றாடம் அழைத்த பெயரை, வீட்டாரே மறக்க விரும்புவதுபோல விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியைப் புகைப்படம் நிரப்பிவந்தது. படத்துக்குப் பதிலாக எழுத்தை வைப்பதானால், அந்த முகம் சொல்வதையும் எழுத்து சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு நேரில் சென்றேன். அதன் உரிமையாளர், எல்லாரும் ‘நானா’ என்று அழைக்கும் முஸ்லிம் அன்பர், பல்லாண்டுகளாக இந்த அறிவித்தல்களை வடிவமைப்பவர். குடும்பத்தார் வரும்போது, வெளியார் காலமானவரை எவ்வாறு அழைத்தனர் என்றும், எங்கே வேலை செய்தார் என்றும் கேட்டு எழுதி அனுப்ப முடியுமா என வினவினேன்.

“ஐயா, மையத்து ஊட்டுச் சனத்துக்கிட்ட பட்டப்பேர் கேக்கச் சொல்றீங்களா? எனக்கு அடிதான் உழும்.”

“படத்திலை போட வேண்டாம் நானா. படத்துக்குப் பின்னாலை நான் எழுதிக்கொள்ளுவன். கண்ணுக்குத் தெரியாது. கேக்கிற ஆக்களுக்கு மட்டும்தான்.”

“அப்ப நீங்களே கேளுங்க. நம்பரத் தாறன். நான் ஊதுபத்தியும் வெளக்கும் ஒழுங்காப் போட்டுத் தாறன்.”

ஆகவே அன்றுமுதல் அறிவித்தல் வந்தவுடன் குடும்பத்தாரை நானே அழைத்து விசாரித்தேன். எதிர்பார்த்ததைவிட மக்கள் விரும்பியே சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு, இறந்தவரை எப்படி அழைத்தார்கள் என்று ஒருவர் கேட்பது ஆறுதலாக இருந்தது போலும். சிலர் சொல்லிக்கொண்டே சிரித்தார்கள். ஒருவர் மாத்திரம் கடுமையாகப் பேசினார். அவருடைய தந்தை கிராண்ட்பாஸில் நெடுங்காலம் சோடாக் கம்பனி நடத்தியவர். ‘சோடா ஐயா’ என்றே ஊரெல்லாம் அறியும் என்று அந்த வீட்டு மருமகள் எனக்குச் சொல்லியிருந்தார். அதைப் படத்தின் பின்னால் எழுதினேன். அன்று எங்கள் பக்கம் மிக மெதுவாக இயங்கியது. பலருடைய கைத்தொலைபேசிகளில் படம் வரவில்லை. படம் வராத இடத்தில் பின்னால் எழுதிய வாசகம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது.

“என்ர அப்பா சமாதான நீதவான்! உலகம் முழுக்கச் சோடா ஐயா எண்டு போட்டு வைச்சிருக்கிறீர்!” என்றார் மகன்.

படம் வராவிட்டால் அந்த இடத்தில் எழுத்துத் தெரியும் என்பதை நான் அறியாதிருந்தேன். எழுத்தை எடுத்துவிடுவதாகக் கூறினேன். மாலையில் அவரே மீண்டும் அழைத்தார். குரல் தணிந்திருந்தது. “எடுத்துப்போட்டீரோ?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “அப்ப விடும். கிராண்ட்பாஸிலை இருந்து வாற சனம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் ஆரெண்டு பிடிச்சதாம். சமாதான நீதவான் எண்டதை முன்னுக்குப் போட்டிட்டு மற்றதைப் பின்னுக்குப் போடும்.” அவ்வாறே செய்தேன்.

இவ்வாறு மாதங்கள் கழிந்தன. ஒரு காலை, வெள்ளவத்தையில் காலமான ஒரு பெண்மணியின் அறிவித்தல் வந்தது. எங்கள் சங்கத்து உறுப்பினர் குடும்பம். பிறப்பிடம், வசிப்பிடம், கணவர் பெயர், பிள்ளைகள் வாழும் நாடுகள் எல்லாம் இருந்தன. வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லண்டனிலிருந்து வந்திருந்த மகளை அழைத்து என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

“வீட்டில அம்மாவை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அங்கிள். அப்பா ‘இஞ்சேரும்’ எண்டுதான் கூப்பிடுவார்.”

“வெளியாக்கள்? வேலை செய்தவவோ?”

“ஓம், கலியாணத்துக்கு முந்தியில இருந்தே வேலை செய்தவ. கொள்ளுப்பிட்டியில ஒரு ஒஃபிஸ். அங்கை ஏதோ ஒரு பேர் இருந்தது. சின்னனில போன் எடுத்தா அந்தப் பேரைச் சொல்லித்தான் கேப்பினம். எனக்கு வருகுதில்லை. நில்லுங்கோ, தம்பியைக் கேட்டுச் சொல்லுறன்.”

கொள்ளுப்பிட்டி என்றதும் என் மனம் துணுக்குற்றது. ஆயினும் அங்கே அலுவலகங்களுக்குக் குறைவில்லை. அங்கே வேலை பார்த்து வெள்ளவத்தையில் முதுமையைக் கழிக்கும் பெண்களும் பலர். மகள் மீண்டும் அழைத்து, தம்பி நினைவுவைத்திருந்த பெயரைச் சொன்னார். இரண்டே எழுத்துக் கொண்ட சின்னப் பெயர். அலுவலகத்தில் என்ன வேலை என்றும் கேட்டேன். அழுதபடி யாரோ வந்துவிட்டதால், பிறகு பேசுவதாகக் கூறித் தொடர்பைத் துண்டித்தார்.

கொட்டாஞ்சேனை இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். என் ஊகம் சரியானால், ஒரு நொடியில் செய்தி சேர்ந்துவிடும். பிழையானால், உயிரோடிருக்கும் ஒருவரின் மரணத்தை அவருடைய சிநேகிதியின் காதில் போட்டவனாவேன். உயிரோடிருப்பவரின் பெயரை மரணப் பேச்சில் சேர்க்க மனமில்லாமல்தான் கொட்டாஞ்சேனை அம்மையார் அதை என்னிடம் சொல்லாமலே விட்டார். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, வேலையைப் பிழையில்லாமற் செய்வதே என்னாலாவது என்று முடிவுசெய்தேன். முழுப்பெயர், அதன்பின் அந்தச் சின்னப் பெயர், கொள்ளுப்பிட்டியில் வேலை பார்த்தவர், மறுநாள் பொரளையில் இன்ன மலர்ச்சாலையில் பூதவுடல் பார்வைக்கு வைக்கப்படும், பிற்பகல் தகனம் என்று ஒழுங்காக எழுதினேன். எழுதியதை என் கைத்தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். சின்னப் பெயர் தெளிவாகக் கேட்டது. அன்று முழுவதும் எவரும் அழைக்கவில்லை.

மறுநாள் சங்கத்தின் சார்பில் மலர்வளையம் கொண்டு மலர்ச்சாலைக்குச் சென்றேன். கூட்டம் பெரிதில்லை. உறவினர் சிலரும் மாடிவீட்டு அயலவரும் இருந்தனர். மலர்வளையத்தை வைத்துவிட்டுச் சுவரோரக் கதிரையில் அமர்ந்தேன். கிரியைகள் தொடங்குவதற்குச் சிறிது முன்னர், வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது.

“மல்லி, பொட்டக் இன்ன” என்று சிங்களத்தில் சாரதியைக் காத்திருக்கச் சொல்லும் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் தொலைபேசியில் மாத்திரமே அறிந்திருந்தேன். வெள்ளைச் சேலை உடுத்திய, ஒல்லியான ஓர் அம்மையார் ஊன்றுகோலால் படியைத் தட்டிக்கொண்டு ஏறினார். மகள் எழுந்து சென்றார்.

“நீங்கள் ஆர் அன்ரி?”

“நான் உங்கட அம்மாவோட ஸ்விட்ச்போர்டில இருந்தனான் பிள்ளை. பக்கத்துக் கதிரை.”

மகள் அவரைக் கைப்பிடித்துப் பேழையருகே அழைத்துச் சென்றார். கையைத் தொடலாமா என்று அம்மையார் கேட்டார். மகள் அவருடைய விரல்களைத் தாயின் கைமீது வைத்தார். அவர் சத்தமின்றி ஏதோ சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியதுமில்லை. பின்னர் மகள் அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் தானும் அமர்ந்தார்.

“அம்மாவின்ர ஒஃபிஸ் ஆக்கள் ஒருத்தரின்ர நம்பரும் எங்களிட்ட இல்லை அன்ரி. உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்று நானே வாசிச்சனான்.”

மகள் ஒன்றும் புரியாமல் அவருடைய கண்களைப் பார்த்தார். நான் எழுந்து சென்று என்னை அறிமுகம் செய்ய வாயெடுத்தேன். முதற்சொல்லிலேயே அம்மையார் முகத்தைத் திருப்பினார்.

“ஐயாவோ? முழுப் பேரைக் கேட்டிட்டுத் தாண்டப் பாத்தன் ஐயா. அடுத்ததுக்குப் போக விரலும் எடுத்திட்டன். அந்தச் சின்னப் பேர் வந்திச்சுது. அப்பிடியே இருந்திட்டன்.” பிறகு, “உங்களுக்குப் போன் எடுக்கோணும் எண்டு நினைச்சனான், குரல் வரேல்லை” என்றார்.

தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பேழையை எடுக்கும் நேரம் வந்தபோது பெண்கள் வாசல்வரை வந்து நின்றனர். மகள் அம்மையாரின் கையை விடவில்லை. பேழையை ஏற்றிய வண்டி புறப்பட்டுச் சென்ற பின்னர், தம் கைத்தொலைபேசியை எடுத்தார்.

“அன்ரி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இஞ்சை வெள்ளவத்தையிலதான். நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லுறன். நம்பரைத் தாங்கோ.”

அம்மையார் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார். ஒப்பரேட்டர்களுக்கே உரிய முறையில், இரண்டிரண்டாகப் பிரித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகள் பதிந்துகொண்டு, சரிபார்ப்பதற்காக ஒரு தடவை அழைத்தார். அம்மையாரின் கைப்பையினுள் தொலைபேசி ஒலித்தது. வெளியே காத்திருந்த முச்சக்கரவண்டிச் சாரதியிடம், இன்னும் சற்று நேரம் ஆகும் என்று சொல்வதற்காக நான் படியிறங்கினேன்.